படத்தருகே வைத்த பேரிங்

வால்வு இடைவெளியை எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும், நவமணி. அதிலும் காற்றில் குளிரும் கொம்பி வேன் எஞ்சினை முதல் நாள் நிறுத்திவைத்து, மறுநாள் காலையில் கோப்பி குடிப்பதற்கு முன்னால் திறக்க வேண்டும். சூட்டோடு அளந்தால் அளவு பொய் சொல்லும். நேற்று நீ கேட்டபோது நான் எழுந்து கைகழுவப் போனதற்கும் காரணம் அதுதான். நீ இருந்த சூட்டில் நான் எதைச் சொன்னாலும் உனக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்காது. இன்றைக்கு உட்கார்ந்து பேசலாம். அப்பா தூங்கட்டும். மாப்பிள்ளை பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வர ஒரு மணி நேரம் ஆகும்.

நேற்று மாப்பிள்ளை மேசையில் பழைய பேப்பரை விரித்து இரண்டு பக்கமாக வைத்தார். ஒரு பக்கம் லகாட்டில் ஆ லோக் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பேரிங்குகள். இன்னொரு பக்கம் சாமி மாடத்தில் உன் அம்மா படத்துக்கு அருகிலிருந்து எடுத்த அந்த ஒற்றைப் பேரிங். உன் புருஷன் ஜெயபாலன் நல்ல பிள்ளை. குரலை உயர்த்தவில்லை. "இந்த எஞ்சினை ஃபேக்டரியில மூடினதுக்கு அப்புறம் யாருமே திறக்கலன்னு ஆ லோக் சொல்றாரு சித்தப்பா. பேரிங் முதுகுல வருஷம் அறுபத்தாறுன்னு அடிச்சிருக்கு, பாருங்க. சாமி மாடத்துல இருந்தது இந்த எஞ்சினோடதே இல்லையாம். மோரிஸ் காரோடதாம்" என்றார். அப்புறம் நீ கேட்டாய். "எழுபத்தஞ்சுல நீங்க மாத்தினது என்ன சித்தப்பா?"

நியாயமான கேள்வி. நான் தைப்பூசத்துக்குப் போயிருந்த இரண்டு நாளில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எஞ்சினை இறக்கிக் கொண்டுபோனது நியாயமா என்று நானும் கேட்கலாம். இருபத்திரண்டு வருட எஞ்சின். புகை விடத்தான் செய்யும். நானே பார்க்கிறேன் என்று எத்தனை தடவை சொன்னேன். சரி, அது போகட்டும்.

பேரிங் என்பது கிராங்க் தண்டு சுழலும் இடத்தில் மெத்தைபோல் வைக்கும் மெல்லிய உலோகம். அது தேய்வதற்கென்றே வைத்தது. தண்டு தேயக் கூடாது என்பதற்காக அது தேயும். ஒரு குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது நான்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அப்பா என்னைவிட ஆறு வயது மூத்தவர். ராமையாவும் சின்னையாவும் என்றால் ஆத்தோரத் தோட்டத்தில் ஒரே பெயராகத்தான் சொல்வார்கள். எங்களைப் பெற்றவர்கள் போனபிறகு அவர்தான் ரப்பர் மரம் சீவி, என்னை ஈப்போவில் வெள்ளைக்காரன் பட்டறையில் வேலை கற்க அனுப்பினார். அதை நான் மறந்ததில்லை. எனக்கு இருபத்தெட்டு வயதானபோது வீரம்மா என்று ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். எனக்கும் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு தனி அடுப்பு வேண்டும் என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். அண்ணி, அதாவது உன் அம்மா, "என்ன தம்பி, ஒரு அடுப்புக்காக ஒரு பொண்ண விட்டுட்டு வர்றீங்க" என்று சிரித்தார்கள். உங்கள் அடுப்பே எனக்குப் போதும் என்றேன். அன்றைக்கு அவர்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்துத்தான், வீரம்மாவை விட்டதில் எனக்கு நஷ்டமில்லை என்று முடிவுசெய்தேன்.

தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்ற சமயம் அது. துரை போனார், கணக்கெழுதும் கிராணி போனார், மருந்து கொடுக்கிறவரும் போனார். லயத்து வரிசை வீடுகளில் இருபது குடும்பங்கள்தான் மிச்சம். அப்போதுதான் நானும் அண்ணனும் கொம்பியை வாங்கினோம். மங்கிய பச்சை, மேலே வெள்ளை. அண்ணன் ஓட்டுவார், நான் எஞ்சினைப் பார்ப்பேன். காலையில் பதினொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏழு மைல் செம்மண் சடக்கு ரோட்டில் லகாட் பள்ளிக்கூடத்துக்குப் போகும். பின்சீட்டில் நானும் போய், அங்கிருந்து ஈப்போ பஸ் எடுப்பேன். நீயும் அதில்தான் பள்ளிக்கூடம் போனாய். நடுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாய்.

அந்த எஞ்சினைப் பற்றி உனக்கு ஒன்று தெரிய வேண்டும். அதன் மூன்றாவது சிலிண்டருக்கு முன்னால் எண்ணெய் குளிரூட்டும் பெட்டி நிற்கிறது. அதனால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் சூடான காற்றுதான் கிடைக்கும். அங்கே வால்வு மெல்ல மெல்ல நீளும். நீண்டால் இடைவெளி குறையும். குறைந்தால் சத்தமும் குறையும். தெரியாதவர்கள், பரவாயில்லை, சத்தம் அடங்கிவிட்டது என்பார்கள். ஒருநாள் வால்வின் தலை முறிந்து உள்ளே விழும். டக் டக்கென்று சத்தம் போடுகிற வால்வால் ஒரு கெடுதலும் இல்லை. சத்தமில்லாமல் இருப்பதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன். எஞ்சின் மூடியின் உட்புறத்தில் சாக்குக்கட்டியால் மைல் கணக்கை எழுதிவைப்பேன். எந்தத் தேதியில் எண்ணெய் மாற்றினேன், எந்த வால்வு எவ்வளவு, எல்லாம் அங்கே இருக்கும். எழுபத்து நாலு ஆகஸ்டில் அந்தக் கணக்கு இடித்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிற மைலைக் கூட்டிப் பார்த்தால் இருநூற்றுச் சொச்சம் மைல் அதிகமாக ஓடியிருந்தது. அடுத்த மாதமும் அப்படியே. மட்கார்டுக்கு அடியில் பார்த்தேன். எங்கள் சடக்கின் செம்மண்ணுக்கு மேல் கறுப்பாக ஒரு சேறு காய்ந்திருந்தது. நம் பக்கத்தில் அப்படிச் சேறு கிடையாது. ஆற்றோர ஊர்களில், எண்ணெய்க்குச் செம்பனை போடுகிற இடங்களில்தான் உண்டு. ஒரு தடவை போய்வர நூறு மைல், கறுப்புச் சேறு, அண்ணியின் அண்ணன் வீடு. தெலுக் இந்தான். அப்போது தெலுக் ஆன்சன் என்றுதான் பெயர்.

சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் போகட்டும். அதற்கென்ன. நான் சாதாரணமாகத்தான் கேட்டேன், வேன் நிறைய ஓடியிருக்கிறதுபோல் தெரிகிறதே என்று. "பிள்ளைங்கள ரெண்டு டிரிப்பா கொண்டு விட்டேன்லா, அதான்" என்றார் அண்ணன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பிறகு நீ சொன்னாய். உனக்கு ஞாபகம் இருக்காது, ஏழு வயது. கொட்டகையில் என் பக்கத்தில் குந்திக்கொண்டு, "சித்தப்பா, தெலுக் ஆன்சன்ல புது வீட்டுல ஊஞ்சல் இருக்கு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க" என்றாய். உன்மேல் குற்றம் சொல்லவில்லை. குழந்தை, தெரிந்ததைச் சொன்னாய். நடந்ததை வரிசையாகச் சொல்லும்போது விட்டுவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், கோபம் என்று சொல்ல மாட்டேன். சாப்பிடப் போனேன். அண்ணி முருங்கைக்கீரை வைத்திருந்தார்கள். எனக்குப் பிடிக்கும் என்று இரண்டாவது தடவையும் வைத்தார்கள். இந்தக் கை இன்னும் எத்தனை நாள் எனக்குப் பரிமாறும், அது தெரிந்துகொண்டே எப்படிச் சிரிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அடுப்புக்காக நான் ஒரு பெண்ணையே விட்டேன். அந்த அடுப்பை எனக்குத் தெரியாமல் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள். முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நானே சாமான்களை ஏற்றிவிட்டிருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் ஆறியிருந்தபோது, மூன்றாவது சிலிண்டர் வால்வின் இடைவெளியை நாலு மடங்காக விரித்துவைத்தேன். செய்தது அவ்வளவுதான். ஒரு நட்டு, ஒரு திருகு. எஞ்சினுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. எஞ்சினைக் கெடுக்க எனக்கு மனது வராது, உனக்கே தெரியும். ஆனால் ஓடவிட்டால் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்டது. அண்ணன் பதறிக்கொண்டு ஓடி வந்தார். நான் எஞ்சினை நிறுத்திவிட்டு, கீழே இருக்கிற கப்பியில் அவர் கையை வைத்து, முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு காகிதக் கனம் அசைந்தது. அந்த அசைவு எல்லா எஞ்சினிலும் உண்டு. இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் இறுகிவிடும். அது அண்ணனுக்குத் தெரியாது.

"கிராங்க் பேரிங் போச்சு அண்ணே" என்றேன். சிங்கப்பூரிலிருந்து சாமான் வர மூன்று மாதம் ஆகும், அதுவரை சாவியைத் தொடாதீர்கள், நடுச்சடக்கில் இறுகிக் கட்டிக்கொண்டால் எஞ்சினைத் தூக்கிக் குப்பையில்தான் போட வேண்டும் என்று விளக்கிச் சொன்னேன். நான் பொய் சொன்ன அந்த ஒரு நிமிடத்தில் அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சின்ன வயதில் நான் அவரைப் பார்த்த பார்வை அது.

வேன் கொட்டகையில் நின்றது. பிள்ளைகள் கொஞ்ச நாள் நடந்தார்கள், கொஞ்ச நாள் ரப்பர் வாங்க வரும் தவுக்கே முதலாளியின் லோரியில் போனார்கள். லோரி திங்களும் வியாழனும்தான் வரும். பதினொரு பேரில் இரண்டு பெண்பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டார்கள். அது எனக்கு வருத்தம்தான். நான் சைக்கிளில் வேலைக்குப் போனேன். அண்ணன் பழையபடி மரம் சீவப் போனார். தெலுக் ஆன்சனில் வேன் ஓட்டும் வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வீடு அமைதியாக இருந்தது. சாயங்காலம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த ஆறு வாரம் போல் நம் குடும்பம் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை, நவமணி. நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

தீபாவளியன்று அண்ணி எனக்கு எண்ணெய் எடுத்துவைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி நின்றார்கள். அப்போது அவர்களுக்கு ஏழு மாதம். பிறக்கப்போவது உன் தம்பி என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம். "தம்பி, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டோம். மனசு கேக்கல" என்று ஆரம்பித்தார்கள். தெலுக் ஆன்சனில் வீடு பார்த்தது, வேன் வேலை பேசியது எல்லாம் சொன்னார்கள். "உங்கள விட்டுட்டுப் போவோமா? பக்கத்துலயே உங்களுக்குப் பட்டறை போட ஒரு இடம் கேட்டுட்டு இருந்தோம். அது கிடைக்குதோ இல்லையோ, முன்னாடியே சொல்லி நீங்க ஆசப்பட்டு ஏமாந்துடக் கூடாதுன்னு உங்க அண்ணன்தான் வாயத் திறக்காதன்னாரு. இப்ப வேனும் நின்னுபோச்சு, எல்லாம் நின்னுபோச்சு. நீங்க மனசுல எதுவும் வச்சுக்காதீங்க."

நான் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை அண்ணி என்றேன். அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் காரியம் கெட்டபிறகு யாரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். உண்மையாகவே எனக்கு இடம் பார்த்திருந்தால் இடத்தின் பெயரையாவது சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். அன்றைக்கே கொட்டகைக்குப் போய்த் திருகைப் பழைய அளவுக்குத் திருப்பியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். ஐந்து நிமிட வேலை. ஆனால் சிங்கப்பூர் சாமான் வராமல் எஞ்சின் எப்படிச் சரியானது என்று அண்ணன் கேட்பாரே.

தீபாவளி கழிந்து ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. மழையென்று நான் வேலைக்குப் போகவில்லை. பின்னேரம் நாலு மணி இருக்கும். அண்ணிக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்தது. அடுத்த லயத்து இருளாயி அக்கா, பிள்ளைப்பேறு பார்த்துப் பழகியவர், உள்ளே போய்விட்டு உடனே வெளியே வந்தார். "இது என் கைக்கு அடங்காது ராமையா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடு" என்றார்.

அண்ணன் கொட்டகைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து சாவியைச் செருகிவிட்டார். மழை தகரக் கூரையில் கொட்டியதால் குனிந்து என் காதோரம் கேட்டார்.

"டேய் சின்னையா. ஆஸ்பத்திரி வரைக்கும் மட்டும் ஓடுமாடா? அதுக்கப்புறம் எஞ்சின் போனா போகட்டும். நீ சொல்லு."

பதில் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உடனே சொல்லிவிடவில்லை. ஓடும் என்று சொன்னால் வேன் ஓடும். ஆஸ்பத்திரி வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடும். வழியெல்லாம் அண்ணனும் அதைக் கேட்டுக்கொண்டே வருவார். அண்ணி பிழைத்து வீட்டுக்கு வந்தபிறகு ஒருநாள், அவ்வளவு தூரம் ஓடிய வண்டியை ஏன்டா ஆறு வாரம் நிறுத்திவைத்தாய் என்று கேட்பார். அதற்கப்புறம் அவர் என்னைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும். பிறகு, பெண்களுக்கு இப்படி வருவதும் நிற்பதும் உண்டு என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். எல்லாவற்றையும் யோசித்துத்தான் சொன்னேன்.

"ஓடாது அண்ணே. நடுச்சடக்குல நின்னுட்டா, இந்த மழையில அண்ணிய எங்க படுக்க வைப்பீங்க?"

அவர் சாவியைத் திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. உருவி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். என் வார்த்தையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. இந்தக் காலத்தில் யாருக்கு அப்படி ஓர் அண்ணன் கிடைப்பார்.

லகாட் போய் லோரி கொண்டுவருகிறேன் என்று சைக்கிளை எடுத்தேன். வாசலில் நீ நின்றாய். "ஏன் வேன்ல போகல சித்தப்பா?" என்று கேட்டாய். நேற்று நீ கேட்ட கேள்வியும் இதுவும் ஒன்றுதான். அன்றைக்கும் நான் பதில் சொல்லவில்லை, அவசரத்தில் இருந்தேன். ஏழு மைல் சேற்றில் மிதித்தேன். இரண்டு தடவை விழுந்தேன், முட்டியில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. லகாட்டில் தவுக்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதிச் சோற்றில் எழுந்து வந்து லோரியை எடுத்தார். நாங்கள் திரும்பி வந்தபோது மணி ஆறே முக்கால். வேன் என்றால் அதற்குள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய் வந்திருக்கும். இதைப் பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தேன்.

லோரியின் பின்னால் ரப்பர் ஷீட்டின் மேல் பாய் போட்டுப் படுக்கவைத்தோம். நீ அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு வந்தாய். லகாட் கடைகளின் விளக்கு தெரிகிற இடத்தில் இருளாயி அக்கா லோரியின் முன்பக்கத்தைத் தட்டினார். மெதுவாகப் போனால் போதும் என்றார். உள்ளே இருந்ததும் ஆண்பிள்ளைதான்.

ஊரில் இன்னும் அந்த மழையையும் என் சைக்கிளையும் பற்றிப் பேசுவார்கள். அண்ணிக்காக உயிரைக் கொடுத்து ஓடினவன் என்று சொல்வார்கள். நான் மறுத்துச் சொன்னதில்லை. ஓடினது உண்மைதானே.

பிப்ரவரியில் சிங்கப்பூர் சாமான் வந்துவிட்டது என்று சொன்னேன். மூன்று நாள் கொட்டகையை அடைத்துக்கொண்டு வேலை செய்தேன். மூடியைக் கழுவினேன், காற்றாடிக் கூட்டுக்குக் கறுப்புச் சாயம் அடித்தேன், இடைவெளியைப் பழைய அளவுக்கு வைத்தேன். அண்ணனிடம் காட்டுவதற்கு ஒரு தேய்ந்த பேரிங் வேண்டியிருந்தது. பட்டறைக் குப்பைக்கூடையில் மோரிஸ் காரிலிருந்து கழற்றிப்போட்டது ஒன்று கிடந்தது. நன்றாகத் தேய்ந்து, செம்பு தெரிந்தது. அவரிடம் கொடுத்தேன். எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுதான் அவள கொன்னுச்சு" என்றார். சட்டை நுனியால் துடைத்து, சாமி மாடத்தில் அண்ணியின் படத்துக்கு அருகில் வைத்தார்.

குனோங் ராபாட்டுக்கு வீடு மாறி வந்தபோதும் அந்தப் படத்தையும் பேரிங்கையும் ஒரே துணியில் சுற்றி, அவர் மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தார். வருடாவருடம் திதியன்று படத்துக்குப் பொட்டு வைக்கும்போது, நான் அந்தப் பேரிங்கை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பேன். பதினான்கு வருடம் செய்திருக்கிறேன். அதில் ஒருநாளும் எனக்குக் கை நடுங்கியதில்லை. தவறு செய்த கை என்றால் நடுங்கியிருக்கும் அல்லவா.

நான் உங்களை விட்டு எங்கேயும் போகவில்லை என்பதையும் நீ கணக்கில் வைக்க வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உனக்குத் தலை வாரிவிட்டேன். நீ வயதுக்கு வந்தபோது தாய்மாமன் தெலுக் ஆன்சனிலிருந்து வருவதற்குள் பக்கத்து வீட்டு முத்தம்மா அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தது யார்? உன் கல்யாணத்தில் நான் அழுததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அந்த வேன் இத்தனை வருடம் ஓடியதே, யார் கவனிப்பில் ஓடியது? ஆ லோக் எஞ்சினைத் திறந்து பார்த்து, அறுபத்தாறாம் வருடப் பேரிங் இவ்வளவு குறைவாகத் தேய்ந்ததை நான் பார்த்ததே இல்லை என்று சொன்னாராம். மாப்பிள்ளை அதைக் குற்றமாகச் சொன்னார். எனக்கு அது ஒரு நற்சான்றிதழ் மாதிரிதான் பட்டது.

நேற்று நீ உள்ளே போனபிறகு உன் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மோரிஸ் பேரிங்கை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஒன்றே ஒன்று சொன்னார்.

"நாலு தடவை போனேன்டா, உனக்குப் பட்டறைக்கு இடம் பாக்க. நாலாவது தடவைதான் கிடைச்சுது. ஆத்துக்குப் பக்கத்துல, தகரக் கூரை போட்ட இடம். பலகையில உன் பேரு எழுதக்கூட சொல்லிட்டு வந்தேன்."

பதினான்கு வருடம் கழித்தும், நவமணி, அண்ணி சொன்ன அதே பொய்யை அவரும் சொல்கிறார். அவ்வளவு காலம் ஒருவர் ஒரு பொய்யை வைத்துக் காப்பாற்ற முடியும் என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. என்னை ஏமாற்றியதை இன்றைக்கும் ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். எஞ்சின் நன்றாக இருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஓடாது என்று சொன்னேன். உன் அம்மாவும் தம்பியும் அதனால்தான் போனார்கள். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

நாளைக் காலையில் நீங்கள் மூன்று பேரும் தெலுக் இந்தானுக்குப் போகிறீர்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அப்பாவின் பெட்டி கூடத்தில் இருப்பதைப் பார்த்தேன். சாமி மாடத்தில் படம் இல்லை. நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இன்றைக்கு மாப்பிள்ளை எஞ்சினை வேனில் பூட்டி ஓடவிட்டபோது நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆ லோக் கெட்டிக்காரர்தான். ஆனால் மூன்றாவது சிலிண்டர் பக்கம் ஒரு சத்தம் வருகிறது. எனக்கென்னவோ அது சரியாகப் படவில்லை. அப்பாவுக்கும் வயதாகிவிட்டது, நீயும் இப்போது ஒற்றை ஆள் இல்லை, வயிற்றில் பிள்ளை இருக்கிறது. நாளைக்குக் கிளம்ப வேண்டாம். எஞ்சின் நன்றாக ஆறட்டும். காலையில் கோப்பி குடிப்பதற்கு முன்னால் நானே திறந்து பார்த்துச் சொல்கிறேன்.